லயத்துச் சுவரில் ஒட்டிய காலம்

கொழுந்துக் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண் அச்சில் ஏறி நூற்று முப்பது ஆண்டுகளாகின்றன. தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேராக உங்கள் தேநீர்ப் பானைக்கு என்று சொல்லிச் சொல்லியே அவர் வியாபாரம் வளர்ந்தது. அந்தப் பேச்சுக்குச் சாட்சியாக விளம்பரங்களில் நிறுத்தப்பட்டவள் அவள். அதன்பின் டப்பா, அட்டை, எனாமல் போர்டு, சுவரொட்டி என்று எல்லாவற்றிலும் அவள் வந்துவிட்டாள். எதிலும் பெயர் கிடையாது. வரைந்தவர்கள் மாறினாலும் முகம் பெரும்பாலும் மாறவில்லை.

நான் சேகரிப்பது அவள் சம்பந்தப்பட்ட காகிதங்களை. அவளை வரைந்த போஸ்டர்கள் ஒரு வகை. அவள் படிப்பதற்கென்றே அச்சிட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும் ஒட்டிய நோட்டீஸ்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றிப் புத்தகங்கள் வந்துவிட்டன. மான்செஸ்டர் ஓவியக் கூடத்திலும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் அவை பத்திரமாக இருக்கின்றன. இரண்டாம் வகையை யாரும் எடுத்துவைக்கவில்லை. தமிழர்களின் ஐம்பது, அறுபதுகளின் அச்சுக் கலை என்று ஒன்று உண்டென்றால் அதில் பாதி இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு இதைப் பார்க்கும் கண் தொழிலிலிருந்து வந்தது. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கடைப் பலகை எழுதிப் பிழைத்தவன். ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், தூரிகை பிடிக்கப் பழகினேன். எழுத்தைப் பார்க்காதே, எழுத்துக்குள் அடைபட்டிருக்கிற வெற்றிடத்தைப் பார் என்பார் அவர். சீன எழுத்துக்குச் சொன்னதுதான். தமிழுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தியது. ‘ஞ’வும் ‘ண’வும் ‘ழ’வும் தூரத்திலிருந்து தெரிவது அவற்றின் சுழிக்குள் இருக்கும் இடைவெளியால்தான். என் அம்மா கொழுந்துக்காரி. ஆகவே படத்தில் இருந்தவளையும் எனக்குத் தெரியும், எழுத்தை எழுதிய கையின் வேலையும் தெரியும்.

லண்டனிலிருந்து தொடங்குகிறேன். 1926 மே மாதம் பிரிட்டிஷ் அரசு எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்ற வாரியத்தை அமைத்தது. பேரரசுக்குள் விளையும் பொருளையே பிரிட்டிஷ் வீடுகள் வாங்க வேண்டும். ஆனால் வரி போட்டுத் தடுப்பதற்குப் பதில் மக்கள் மனத்தை மாற்றி அதைச் சாதிக்க வேண்டும் என்பது திட்டம். செயலாளர் ஸ்டீபன் டாலெண்ட்ஸ். சுவரொட்டிக் குழுவில் இருந்தவர் ஃபிராங்க் பிக்; லண்டன் நிலத்தடி ரயிலுக்கு நல்ல ஓவியர்களைக் கூப்பிட்டுப் போஸ்டர் வரையவைத்து நகரத்தின் கண்ணையே மாற்றியவர். அந்தப் பழக்கத்தை இங்கும் கொண்டுவந்தார். மெக்நைட் காஃபர் வரைந்தார். மெக்டொனால்ட் கில் 1927இல் பேரரசின் கடல்வழிகளைப் பெரிய வரைபடமாக வரைந்தார். செல்சி ஓவியப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த ஹெரால்ட் சாண்டிஸ் வில்லியம்சனுக்குத் தேயிலை வந்தது.

இந்தப் போஸ்டர்களை வெறும் சுவரில் ஒட்டவில்லை. ஊர் ஊராகத் தனி மரச் சட்டங்கள் நட்டார்கள். ஒரு சட்டத்தில் ஐந்து தாள். பெரிய படங்கள் மூன்று, அவற்றுக்கு இடையில் எழுத்து மட்டும் உள்ள சிறிய தாள்கள் இரண்டு. சில வாரங்களுக்கு ஒருமுறை தொடர் மாறும். சோப்பு, சிகரெட் விளம்பரங்களின் நெரிசலில்லாமல் அவை தனியாக நின்றன. தெருவில் போகிறவனுக்கு ஓர் ஓவியக் காட்சி. பேரரசின் நோக்கத்தை ஒதுக்கிவைத்து வேலையை மட்டும் பார்த்தால், அதுபோல ஒரு ஏற்பாட்டை அதற்குப் பின் எந்த அரசும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் காலத்து நல்ல போஸ்டர் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். லித்தோ முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல் அல்லது துத்தநாகத் தகடு. ஏழெட்டு வண்ணம் என்றால் அதே தாள் ஏழெட்டு முறை இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். அதனால் ஓவியர் சிக்கனமாக யோசித்தார். மஞ்சளின் மேல் நீலத்தை ஏற்றினால் பச்சை இலவசமாகக் கிடைக்கும். நிழலுக்குத் தனி வண்ணம் வேண்டாம், சேலையின் அரக்கையே கூடையின் நிழலாக்கலாம். தாளின் வெள்ளையை விட்டுவைத்தால் அதுவே வெயில். தேயிலை மலையின் வரிசைகளை அந்த ஓவியர்கள் நாலைந்து வளைந்த பட்டைகளாகக் குறுக்கிவிட்டார்கள். நாள் முழுக்க அந்த மலையில் நிற்கிறவர்கள் நாங்கள். காலை ஒன்பது மணிக்கு மூடுபனி விலகும்போது மலை எங்களுக்கும் அப்படித்தான் தெரியும், பட்டை பட்டையாக. அந்த அளவுக்குப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

பெண்ணைப் பார்த்ததுதான் குறைவு. என் அம்மா வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை. தலையில் துணி, அதன் மேல் தொப்பி. இடுப்பைச் சுற்றிச் சாக்கு. பனியில் நனைந்த செடி அடிவயிற்றில் உரசினால் மதியத்துக்குள் உடம்பு விறைத்துவிடும். காலில் அட்டைக்குப் பயந்து ரப்பர் பூட்ஸ். விரல் நுனிகளில் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்திருக்கும், எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. இதில் எதையும் நான் எந்தப் போஸ்டரிலும் கண்டதில்லை. போஸ்டரில் அவளுக்கு மெல்லிய சேலை, கையில் வளையல், வெறுங்கால், புன்னகை. வண்ணச் சேலை வேண்டியிருந்தது வடிவமைப்புக்கு. பச்சை மலைக்கு நடுவே ஒரு சிவப்புப் பொட்டு இல்லாவிட்டால் படம் நிற்காது. அது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் பூட்ஸ் இல்லாதது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தச் சட்டங்களில் பேரரசின் செழிப்பு தொங்கிக்கொண்டிருந்த அதே 1930, 31, 32ஆம் ஆண்டுகளில்தான் ரப்பர் விலை விழுந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்களை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். நெருக்கடிக்கு முன் பெரும்பாலான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசே நிர்ணயித்திருந்த கூலி, அதற்குப் பின் அந்த அளவில் நிற்கவில்லை. வாரியமும் 1933இல் மூடப்பட்டது. அதற்குள் அது வெளியிட்ட போஸ்டர்கள் ஏறக்குறைய எண்ணூறு.

ஆட்கள் கலைந்தார்களே தவிர வேலை நிற்கவில்லை. வாரியத்தில் விளம்பரம் கற்ற ஜெர்வாஸ் ஹக்ஸ்லி இலங்கைத் தேயிலைப் பிரச்சார வாரியத்துக்குப் போனார். பேசில் ரைட் எடுத்த ‘சாங் ஆஃப் சிலோன்’ என்ற 1934ஆம் ஆண்டு ஆவணப்படத்துக்குப் பணம் கொடுத்தது அந்தப் பிரச்சார வாரியம்தான். 1933இல் இந்தியா, இலங்கை, டச்சு கிழக்கிந்தியா மூன்றும் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ள ஓர் ஒப்பந்தம் போட்டன; அதன் தொடர்ச்சியாக 1935இல் பன்னாட்டுத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் வந்தது. ஹக்ஸ்லி அதிலும் முக்கியப் பொறுப்பில் இருந்தார். இந்த வாரியத்துக்காக 1940இல் மெக்டொனால்ட் கில் வரைந்த தேயிலை உலக வரைபடம் இந்தத் துறையில் எல்லோரும் கைக்குள் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற தாள். உலகம் முழுவதும் குட்டிக் குட்டி மனிதர்கள், கப்பல்கள், செய்திச் சுருள்கள். போர் நடந்துகொண்டிருக்கிறது, லண்டனில் குண்டு விழுகிறது, சுவரில் உலகமே தேநீர் குடித்துத் தெம்பாகிறது. அதன் எழுத்துகளைப் பாருங்கள்: எல்லாம் கில் கையாலேயே வரைந்தவை. பலகை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சின்ன எழுத்தில் இவ்வளவு சீராகக் கை ஓடுவது பெரிய விஷயம்.

இந்தியாவில் இதே பிரச்சாரத்துக்கு ஓர் இந்தியக் கை கிடைத்தது. அன்னதா முன்ஷி, கல்கத்தாவில் டி. ஜே. கெய்மர் விளம்பர நிறுவனத்தில் இருந்தவர். சத்யஜித் ராய் 1943இல் வேலைக்குச் சேர்ந்தது அதே இடத்தில்தான். 1947இல் முன்ஷி வரைந்த போஸ்டரில் ஒரு பெண் இராட்டைக்குப் பக்கத்தில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள். தேநீர் நூற்றுக்கு நூறு சுதேசி என்பது வாசகம். தோட்டங்களில் பெரும்பகுதி அன்றும் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கையில் இருந்தது. காந்தி தேநீரை விரும்பியவர் அல்ல. ஆனால் அந்தக் கோட்டைப் பாருங்கள், எங்கேயும் தடுமாற்றமில்லை. லண்டன் போஸ்டரில் எடுபிடியாக நின்றவள் இங்கே வீட்டுக்காரியாக உட்கார்ந்துவிட்டாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தவள் அவள். கொழுந்து பறித்தவளும் குடிக்கிறவளும் ஒருத்தியே என்று காட்டிய தேயிலைப் போஸ்டர் மட்டும் இன்றுவரை என் கண்ணில் படவில்லை.

மலாயா அந்த மூன்று நாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு அல்ல. இங்கே தேயிலை அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தது. வில்லியம் கேமரன் 1885இல் இந்த மேட்டு நிலத்தை அளந்து குறித்தார். நாற்பது ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் அனுபவமுள்ள ஏ. பி. மில்னேயைச் சேர்த்துக்கொண்டு ஹாபுவுக்குப் பக்கத்தில் காட்டை வெட்டி ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைச் சாலை 1931இல் வந்து சேர்ந்தது. ரஸ்ஸல் 1933இல் இறந்துபோனார். அதே ஆண்டில் சுபர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தோட்டத்தைத் தொடங்கினார். எங்கள் பெர்த்தாம் ஆறு இந்தத் தோட்டங்களின் கீழே இறங்கி, இப்போது ரிங்லெட் ஏரியாகத் தேங்கி நின்று, அணையைத் தாண்டி லெம்பா பெர்த்தாமுக்கு வருகிறது. இன்று பள்ளத்தாக்கு முழுக்கக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். தேயிலை மேலே.

என் பாட்டி ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர். சென்னையில் ஏறி நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கு. 1926இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலை 1970களில்தான் உடைத்தார்கள். அவரை அழைத்துவந்தது போஸ்டர் அல்ல, கங்காணி. ஊருக்குள் கங்காணியே விளம்பரம்: குடை, பூட்ஸ், கழுத்தில் செயின். அவர் கையில் இருந்த அரசாங்க லைசென்ஸ் தாள்தான் அந்தக் காலத்தில் நம்மவர் பார்த்த முதல் மலாயா அச்சு. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியதோடு அந்தத் தாளின் கதை முடிந்தது. என்னிடம் ஒன்றுகூட இல்லை. பார்த்தால் வாங்காமல் விடமாட்டேன்.

நம்மை நோக்கி அச்சு மொத்தமாகப் பேச ஆரம்பித்தது 1948 ஜூனில், அவசரகாலம் வந்தபோது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அந்தச் சண்டை 1960 ஜூலை 31 வரை நீண்டது. 1950இல் பிபிசியிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீன் வந்து தகவல் போரை நடத்தினார், பிறகு சி. சி. டூ அதை வளர்த்தார். சில ஆண்டுகளில் வானத்திலிருந்து போட்ட துண்டுத்தாள்கள் மட்டும் பத்துக் கோடிக்கும் மேல். சரணடைபவருக்கான பாதுகாப்புச் சீட்டு, தலைக்கு விலை வைத்த அறிவிப்பு, அரிசிக் கட்டுப்பாட்டு எச்சரிக்கை. கெரில்லாத் தலைவர் சின் பெங் தலைக்கு இரண்டரை லட்சம் வெள்ளி. பெரும்பாலானவை சீனத்தில், நமக்கும் ஒரு பங்கு இருந்தது. விமானம் பேசியதை அம்மா சொல்லியிருக்கிறார்: மேகத்துக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் குரல் வரும், ஆள் தெரியாது, ஆயாக் கொட்டகையில் இருந்த பிள்ளைகள் அலறும். ஒரு பக்கம் இந்தப் பயமுறுத்தல். இன்னொரு பக்கம் மலாயன் ஃபிலிம் யூனிட் வண்டி வந்து பெரட்டுக் களத்தில் வேட்டி அகலத்துக்குத் திரை கட்டும். அது 1946இல் அமைந்த அமைப்பு. படம் வருவதற்கு முன் நோட்டீஸ் வரும்.

1955 ஜூலை 27 மலாயாக் கூட்டரசின் முதல் தேர்தல். வென்ற கூட்டணிக் கட்சியின் சின்னம் பாய்மரக் கப்பல். 52 இடங்களில் 51 அவர்களுக்கு. அந்தக் கப்பல் போஸ்டரின் உள்நாட்டு அச்சு ஒன்றை ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய பொருள் சந்தையில் பார்த்திருக்கிறேன், விலை படியவில்லை. ஒரே வண்ணம், கறுப்பு மையில் தடித்த கோடு, எழுத்துத் தெரியாதவனும் வாக்குச்சீட்டில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்ற ஒரே நினைப்பு. ஐரோப்பாவில் ஏப்ரம் கேம்ஸ் போன்றவர்கள் குறைந்த கோட்டில் நிறைய சொல்வதைக் கொள்கையாகவே வகுத்துக்கொண்டிருந்த காலம். இங்கே யாரோ ஓர் அச்சக ஓவியர் அதே முடிவுக்கு வேறு வழியில் வந்திருக்கிறார்: வாசகருக்கு எழுத்துத் தெரியாது, மைக்குக் காசு இல்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு கூட்ட அறிவிப்புகளும் சங்கத்தின் ‘சங்கமணி’ இதழும் லயத்துக்குள் வந்தன. இவற்றில் பெரிய எழுத்துகள் மர எழுத்தில் அடித்தவை. தேய்ந்த மர எழுத்தின் ஓரம் தாளில் பிசிறு பிசிறாகத் தெரியும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

மக்கள் காசு கொடுத்து, சண்டை போட்டு வாங்கி ஒட்டியவை சினிமாவும் சாமியும். சென்னையில் அச்சான போஸ்டர்கள் கப்பலில் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து தியேட்டர்களுக்குப் போய், ஓட்டம் முடிந்ததும் லயத்துக்கு வந்துசேரும். 1948இன் ‘சந்திரலேகா’வுக்கு எஸ். எஸ். வாசன் செய்த விளம்பரம் தமிழ்ப் போஸ்டரின் அளவையே மாற்றியது. சாமிப் படங்கள் சிவகாசியிலிருந்து. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அப்படித்தான் அந்த வறண்ட ஊரில் லித்தோ இயந்திரங்கள் நிறைந்தன. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் அந்த இயந்திரங்களில் ஏறி எங்கள் மலை வரை வந்தார்கள். காலண்டரின் கீழ்ப்பட்டையைச் சிவகாசியில் காலியாக விட்டுவிடுவார்கள். கடைக்காரர் பெயரை அதில் தனியாக அடித்துக்கொள்ளலாம். ஆகவே ஒரே முருகன் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடைக்கும் தாப்பாவில் ஒரு மளிகைக் கடைக்கும் சேர்ந்தே வேலை செய்தார். படத்தின் மையும் கடைப் பெயரின் மையும் வேறு வேறாகப் பழுத்திருக்கும். முதலில் நான் அந்தப் பட்டையைத்தான் பார்ப்பேன். எங்கள் மலைவாசிகளின் கொடுக்கல் வாங்கல் வரலாறு அதில் இருக்கிறது.

இவையெல்லாம் ஒன்றாக எனக்குக் கிடைத்தது ஒரே சுவரில். ஒரு தோட்டத்தில் பழைய பலகை லயத்தை இடிக்கப்போகிறார்கள் என்று சொல்லியனுப்பினார்கள். மலைக் குளிருக்குப் பலகை இடுக்கில் காற்று நுழையாமலிருக்க, மரவள்ளி மாவுப் பசை காய்ச்சிக் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் ஒட்டிவைப்பது வழக்கம். தீபாவளிக்குத் தீபாவளி மேலே புதுத் தாள். அந்தச் சுவரில் காகிதம் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. காய்ந்த நிலையில் பிய்த்தால் மேல் தாள் கீழ்த் தாளின் மையைக் கூடவே எடுத்துக்கொண்டு வரும். கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி காட்டி, மூங்கில் சீவலால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினேன். மேலே ஒரு சிவகாசி முருகன். அதற்குக் கீழே ‘தமிழ் நேசன்’ பக்கங்கள். 1924இல் தொடங்கி 2019 வரை வந்த பத்திரிகை, இந்த மலையில் அது புகாத வீடு இல்லை. அதற்கும் கீழே ‘நாடோடி மன்னன்’ போஸ்டரின் பாதி. எம்.ஜி.ஆர். முகம் இருந்த பக்கத்தை யாரோ முன்பே எடுத்துக்கொண்டார்கள், எழுத்துகள் மிச்சமிருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், பலகையோடு ஒட்டிக்கொண்டு, நான்கு மொழியில் ஓர் அரசாங்க நோட்டீஸ். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்பது செய்தி.

இரண்டே வண்ணம், நீலமும் ஆரஞ்சும். ஒரு கெண்டி, அதன் மூக்கிலிருந்து மூன்று வளைகோடு. வரைந்தவர் தீயை ஆரஞ்சில் ஒரு பட்டையாக மட்டும் போட்டு, கெண்டியின் அடிப்பாகத்தில் அந்த ஆரஞ்சு நீலத்தின் மேல் ஏறி ஒரு பழுப்பு உண்டாகும்படி விட்டிருக்கிறார். சூட்டைக் காட்ட அந்த ஒரு பழுப்பு போதும் என்று தெரிந்திருக்கிறது. லண்டன் சட்டங்களில் தொங்கிய எந்தப் படத்துக்கும் நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆஃப்செட்டில் புகைப்படமாகப் பிடித்து அடித்திருந்தால் வண்ணத்துக்குள் ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும். மறுபதிப்பை விற்கிறவர்களிடம் நான் முதலில் தேடுவது அந்தப் புள்ளியைத்தான். இதில் புள்ளி இல்லை. வண்ணம் தட்டையாக, ஓரத்தில் மட்டும் லித்தோ மெழுகுக் கட்டியின் பொரபொரப்போடு இருந்தது. கையால் தகட்டில் வரைந்தது.

காலத்தைச் சொல்வது எழுத்துதான். மலாய் வாசகம் ஜாவியிலும் இருக்கிறது, ரோமன் எழுத்திலும் இருக்கிறது. ரோமனில் சகர ஒலிக்கு இரண்டு எழுத்து. 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் ஒன்றுதான் வரும். தமிழில் மலாயா என்றே இருக்கிறது. ஆகவே 1963 செப்டம்பர் 16க்கு, மலேசியா பிறப்பதற்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும். ‘லை’யும் ‘னை’யும் பழைய தும்பிக்கை வடிவம்; இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. புது வடிவத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல்தான் ஏற்றாலும் பெரியார் 1935லேயே தன் பத்திரிகையில் புழங்கத் தொடங்கிவிட்டார். 1929 கடைசியில் அவர் மலாயா வந்துபோனதிலிருந்து இங்கே சுயமரியாதைக்காரர்கள் நிறைய. ஐம்பதுகளின் நோட்டீஸ் ஒன்றில் புது ‘லை’ இருந்தால் அது காலத்தைவிட அதை அடித்தவரின் கட்சியைக் காட்டக்கூடும்.

அந்த நோட்டீஸில் என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. அரசாங்க நோட்டீஸ்கள் பலவற்றில் தமிழ் எழுத்து, தமிழ் தெரியாத ஓவியர் படமாகப் பார்த்து நகலெடுத்ததாக இருக்கும். சுழி எந்தப் பக்கம் தொடங்கும் என்று கைக்குத் தெரியாததால் தடிமன் தவறான இடத்தில் விழும். ‘ண’வின் கடைசிச் சுழி முதல் சுழியைவிடக் கனக்கும். இந்தத் தாளில் அப்படியில்லை. தூரிகை இடப்பக்கம் உள்ளிருந்து கிளம்பி, மேலே போய், இறங்கும்போது அழுத்தி, முடிவில் லேசாகியிருக்கிறது. கோடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களைப் பார்த்தால் எந்த வரி முதலில் போட்டது என்று ஊகித்துவிடலாம். ‘க’வின் குறுக்குக்கோடு கடைசியில். எழுதிய கை தமிழ் எழுதிப் பழகிய கை. அதே கை சீன எழுத்துகளில் தடுமாறியிருக்கிறது, அங்கே எல்லாக் கோடும் ஒரே கனம். அப்படியென்றால் அரசாங்க அச்சிலோ அதற்கு வேலை செய்த ஏதோ ஓர் அச்சகத்திலோ ஒரு தமிழ் ஓவியர் இருந்திருக்கிறார். படத்தையும் அவர்தான் வரைந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. தாளின் அடி ஓரம் கிழிந்துபோயிருந்தது, அச்சகத்தின் பெயர் அங்கேதான் இருந்திருக்கும். அவர் கையின் ‘ண’வை மற்ற நோட்டீஸ்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் காசநோய் பற்றிய தாள் ஒன்று கிடைத்தது. அதே கை என்றே நினைக்கிறேன். அடி ஓரம் அதிலும் இல்லை. சட்டம் போடுகிறவர் வெட்டியிருக்கிறார்.

காகிதத்துக்கு எங்கள் மலை நல்ல இடம் அல்ல. ஈரம் குறையவே குறையாது. பூஞ்சணம் ஒரு மழைக்காலத்தில் ஒரு கட்டையே தின்றுவிடும், மிச்சத்தை இராமபாணம் பார்த்துக்கொள்ளும். 2013 அக்டோபர் 23 அதிகாலை பெர்த்தாம் ஆற்றில் வந்த வெள்ளம் எங்கள் பள்ளத்தாக்கில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. அந்த வாரம் வீடுகளின் முன் சேற்றோடு குவித்து எறிந்தவற்றில் பழைய டிரங்குப் பெட்டிகளும் இருந்தன. யாரும் அப்போது காகிதத்தைப் பற்றி நினைத்திருக்க முடியாது, நானும் நினைக்கவில்லை. பல மாதம் கழித்துத்தான், இந்தப் பக்கத்து நோட்டீஸ்களைத் தேடி வீடு வீடாகக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தது என்ற பதில் வர ஆரம்பித்தது.

பிரிஞ்சாங் பக்கம் டைம் டனல் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கடைப் பொருள்களும் எனாமல் போர்டுகளும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் ‘தமிழ் முரசு’ உள்ளிட்ட பழைய நாளிதழ்களை மின்வடிவில் திறந்துவைத்திருக்கிறது. அதில் தேயிலை விளம்பரங்களைத் தேதி வாரியாகப் பார்க்கலாம்; ஒரு போஸ்டரின் காலத்தை முடிவுசெய்ய நான் அதைத்தான் நம்புகிறேன். தோட்டத்துத் தமிழ் நோட்டீஸ்களுக்கென்று ஒரு தொகுப்பு மலேசியாவில் உருவாக வேண்டும், பல்கலைக்கழகமோ தமிழ்ப்பள்ளியோ கோயில் நிர்வாகமோ யாராவது எடுத்துச் செய்ய வேண்டும். என்னிடம் இருப்பதைக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இன்று மேலே தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரத்தால் கொழுந்து வெட்டுகிறார்கள். அவர்கள் லயத்தில் வங்க எழுத்தில் பணம் அனுப்பும் கடைகளின் தாள்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றிலும் ஒவ்வொன்று எடுத்து வைக்கிறேன்.

வீட்டில் பழைய பலகைச் சுவரோ டிரங்குப் பெட்டியோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதையும் பிய்ப்பதற்கு முன் இருக்கிறபடியே படம் எடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டில் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கிவிடும். லாமினேட் செய்யவே செய்யாதீர்கள். ஒருமுறை உருக்கி ஒட்டினால் தாளை மறுபடி வெளியே எடுக்க முடியாது. மடிக்காமல் தட்டையாக, நிலத்திலிருந்து உயரத்தில், இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வையுங்கள். பக்கத்தில் வசம்புத் துண்டு போடலாம், தாளில் படாமல். சட்டம் போடக் கொடுத்தால் அடி ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் ஆண்டும் அந்தக் கால் அங்குலத்தில்தான் இருக்கும், பொடி எழுத்தில்.